ஆளுக்கொரு டப்பா அமுக்கரா

தொழிற்சாலை மருத்துவ அறைகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊசி போடவும் தையல் பிரிக்கவும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு வேரைப் பற்றி, அந்த வேரை வைத்துக்கொண்டு எங்கள் தொழிற்சாலையில் ஒரு வாரம் நடந்த கூத்தைப் பற்றி. ஓய்வு பெற்றபின் பழைய நாட்களை நினைத்துப் பார்த்தால் என் தலை நிமிர்வது அந்த வாரத்தை நினைக்கும்போதுதான்.

காருக்குள் ஓடும் ஒயர்களைத் தொகுத்துக் கட்டும் தொழிற்சாலை எங்களுடையது. ஒரகடத்தில் இருந்தது. வேலை செய்தவர்களில் பெண்களே அதிகம். தென் மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம், படப்பை, சேரப்பணஞ்சேரி பக்கத்துக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள் இன்னொரு பக்கம். மருத்துவ அறைக்கு நான்தான் மூத்த நர்ஸ். எல்லோருக்கும் சிஸ்டர்.

இசக்கியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஒயர் முனையில் உலோகக் கொக்கியை அழுத்திப் பொருத்தும் இயந்திரத்தில் வேலை. கை அவ்வளவு வேகம், அவ்வளவு சுத்தம். அவளுக்கு ஷிப்ட் மாற மாற தூக்கம் கெட்டுப்போனது. ஒருநாள் காலை ஷிப்டில் கண் அசந்து விரல் நுனியை இயந்திரத்தில் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். நல்ல வேளையாகத் தோல் மட்டும் கிழிந்திருந்தது. நான் கட்டுப் போடும்போது அவள் அழுதது விரலுக்காக இல்லை.

"தூக்கமே வரமாட்டேங்கு சிஸ்டர். படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்கு. கண்ண மூடுனா லைன் ஓடுத சத்தம் கேக்கு. ஊருக்கே போயிரலாமான்னு இருக்கு. ஆனா போக மனசில்ல. இந்த வேல எனக்குப் பிடிச்சிருக்கு, பாத்துக்கிடுங்க."

வாரத்தில் சில நாள் வரும் கம்பெனி டாக்டர் அவளுக்கு ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்தார். தைராய்டு சரி, ரத்தசோகை இல்லை. இயந்திரத்தில் வேலை செய்கிற பெண்ணுக்குத் தூக்க மாத்திரை எழுத அவருக்கு விருப்பமில்லை. "அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல சித்தா டாக்டர் இருக்காங்க. அவங்கள ஒரு தடவ பார்க்கச் சொல்லுங்களேன்" என்றார்.

விடுமுறை நாளில் நானே அவளை அழைத்துக்கொண்டு போனேன். சித்த மருத்துவர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனால் அவர் கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எப்போது சாப்பிடுகிறாய், எப்போது கடைசி டீ, அறையில் எத்தனை பேர், வெளிச்சம் வருமா, கையில் போன் எவ்வளவு நேரம். அப்புறம், வேறு ஏதாவது மாத்திரை உண்டா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா.

இசக்கி வெட்கத்தில் சிரித்துவிட்டாள். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல டாக்டர்."

"கேக்க வேண்டியது என் வேலைம்மா. எல்லார்கிட்டயும் கேப்பேன்" என்றார் அவர், முகம் மாறாமல்.

பிறகுதான் அமுக்கரா சூரணம் எழுதினார். போனைத் திறந்தால் அஸ்வகந்தா, அஸ்வகந்தா என்று விளம்பரம் வருகிறதே, அதுதான் இது. அமுக்கராக் கிழங்கு என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அலைச்சலிலும் கவலையிலும் தளர்ந்துபோன உடம்பு தன்னைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள உதவும், படபடப்பு அடங்கும், தூக்கம் கூடும் என்று டாக்டர் விளக்கினார். வெதுவெதுப்பான பாலில், அவர் சொன்ன அளவு, படுக்கப் போகுமுன். அதோடு ஹாஸ்டல் ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, ஷிப்டின் பிற்பாதியில் டீ கிடையாது, போன் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில். "ஒரே நாள்ல மேஜிக் எதிர்பார்க்காதீங்க. சில வாரம் ஆகும். கொஞ்ச நாள் கழிச்சு வந்து காட்டணும். நீங்களா தொடர்ந்து சாப்பிட்டுட்டே இருக்கக் கூடாது" என்றும் சொன்னார்.

முதல் வாரம் பெரிய மாற்றமில்லை. அதன்பின் மெல்ல மெல்ல அவள் முகம் தெளிந்தது. நெஞ்சுப் படபடப்பு குறைந்தது. ஒருநாள் மருத்துவ அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "சிஸ்டர், நல்லா அசந்து தூங்கிட்டேன். பஸ்ஸையே விடப் பாத்தேன்னா பாத்துக்கிடுங்க" என்றாள். என்னவோ பரிசு வாங்கிய மாதிரி முகம். மருந்தா, திரையா, எது வேலை செய்தது என்று சித்த மருத்துவரிடம் கேட்டேன். "ரெண்டும்தான்னு வெச்சுக்கோங்க சிஸ்டர். பிரிச்சுச் சொன்னா அது பொய்யாயிடும்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போனது.

தொழிற்சாலையில் நல்ல செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? கேன்டீன் முழுக்க அமுக்கரா பேச்சுதான். அது மனிதவள மேலாளர் காது வரைக்கும் போனது. மனிதர் கெட்டவர் இல்லை. தொழிலாளிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை உண்டு, செய்வதைத் தலைமை அலுவலகம் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. பாதுகாப்பு வார விழா வந்தது. ஒருநாள் காலை நான் போகும்போது ஸ்டோரில் அட்டைப்பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. உள்ளே அஸ்வகந்தா மாத்திரை டப்பாக்கள். ஆளுக்கொன்று.

"நாளைக்கு ஹெட் ஆபீஸ்ல இருந்து வராங்க சிஸ்டர். கேன்டீன்ல சின்ன பங்ஷன். அவங்க கையாலயே எல்லாருக்கும் ஒரு டப்பா. ஸ்ட்ரெஸ் ரிலீப் கிப்ட். ஐடியாவே உங்க இசக்கியால வந்ததுதான்!" என்றார் மேலாளர், முகமெல்லாம் சிரிப்பாக.

"சார், இது மருந்து. எல்லாருக்கும் ஒத்துக்காது. ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டுத்தான் கொடுக்கணும்."

"மூலிகைதானே சிஸ்டர். சைடு எபெக்ட் இல்லைன்னு டப்பாவுலயே போட்டிருக்கான் பாருங்க."

மூலிகை என்ற சொல்லுக்கு நம் ஊரில் அவ்வளவு மரியாதை. வெளியே வந்து சித்த மருத்துவருக்குப் போன் செய்தேன். அமுக்கராவை அவ்வளவு நம்பி எழுதுகிற அவரே அதிர்ந்துபோனார். "கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது சிஸ்டர். பால் கொடுக்கிற தாய்மாருக்கும் வேணாம். தைராய்டு மாத்திரை, சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, தூக்கம் வர்ற மாத்திரை சாப்பிடறவங்க கேக்காம தொடக் கூடாது. ஈரல்ல கோளாறு இருந்தவங்களுக்கும் ஆகாது. நல்லது செய்யற சக்தி இருக்குன்னா, தப்பான உடம்புல கெடுதல் செய்யற சக்தியும் அதுக்கு இருக்கும்தானே?"

இதை அப்படியே மேலாளரிடம் போய்ச் சொன்னேன். யோசித்தார். ஆனால் விழா மறுநாள். அழைப்பு போய்விட்டது. "நோட்டீஸ் போர்டுல ஒரு எச்சரிக்கை ஒட்டிடலாம் சிஸ்டர். யாருக்கு வேணாமோ அவங்க வாங்க வேணாம்" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் காலை விழாவுக்கு முன்பே விடை வந்துவிட்டது. ஸ்டோரில் பலகைச் சட்டங்களைத் தூக்கி வைக்கும் போர்க்லிப்ட் வண்டியை ஓட்டுகிறவர் தனசேகர். சேரப்பணஞ்சேரிக்காரர், நிதானமான ஆள். அவர் வண்டி தடுப்புக் கம்பியில் மோதி, மேலே இருந்த ஒயர்ச் சுருள்கள் சரிந்து விழுந்தன. நடைபாதையில் அந்த நேரம் யாரும் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையை நான் உங்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அவரைக் கைத்தாங்கலாக மருத்துவ அறைக்குக் கூட்டி வந்தார்கள். அடி இல்லை. ஆனால் கண் இமை கனத்துத் தொங்கியது.

"என்னாச்சு தனசேகர், உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். கண்ணு சொருவிகினே வந்துச்சு. எப்ப மோதுச்சுன்னே தெரியல."

"காலையில என்ன மாத்திரை போட்டீங்க?"

"சளி பிடிச்சிகினு கீதுன்னு மெடிக்கல்ல ஒரு மாத்திர வாங்கிப் போட்டேன். அப்புறம் நேத்து ஸ்டோருல எங்களுக்கு மட்டும் முன்னாடியே டப்பா குட்த்தாங்க இல்ல, அதுல ரெண்டு. ஒண்ணு போட்டாலே பவருன்னாங்க. ரெண்டு போட்டா இன்னும் நல்லதுன்னு நெனச்சிகினேன்."

அந்தச் சளி மாத்திரையே தூக்கம் வரவைக்கும் வகை. அதன் மேல் அமுக்கரா இரண்டு மடங்கு. எது எவ்வளவு காரணம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் சேர்த்துப் போடுமுன் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்திருந்தால் அவர் அன்று வண்டியில் ஏறியிருக்க மாட்டார். ரத்த அழுத்தம் பார்த்து, படுக்க வைத்து, கம்பெனி டாக்டருக்குச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், வாசலில் மேலாளர். முகம் வெளிறியிருந்தது.

"கேன்சல் பண்ணிடறேன் சிஸ்டர்" என்றார்.

இந்த இடத்தில் நான் சரி என்று சொல்லியிருக்கலாம். வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் என் மனம் ஒப்பவில்லை. இசக்கியின் முகம் தெளிந்ததைப் பார்த்தவள் நான். அந்தக் கட்டடத்துக்குள் தூக்கம் கெட்டு, படபடத்து, ஊருக்குப் போய்விடலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் இன்னும் எத்தனை பேரோ. இந்த மருந்து உதவக்கூடியவர்களும் அங்கேதான் இருந்தார்கள். எல்லோருக்கும் கொடுப்பது தவறு என்றால், ஒருவருக்கும் கொடுக்காமல் பெட்டியை மூடுவதும் யோசிக்காமல் செய்கிற காரியம்தான்.

"வேணாம் சார். ஒவ்வொருத்தரா மருத்துவ அறைக்கு வரட்டும். நானும் சித்தா டாக்டரும் உக்காந்து கேக்கறோம். வேணுங்கறவங்களுக்கு, ஆகுங்கறவங்களுக்கு மட்டும் கொடுப்போம். இன்னைக்கு முடியலைன்னா வாரம் முழுக்க."

மேலாளர் தலையாட்டினார். ஆனால் எனக்கு அதற்குள் வேறொரு பயம் வந்துவிட்டது. நாலு பேர் டப்பாவோடு வெளியே வந்து, ஐந்தாவது பெண் வெறுங்கையோடு வந்தால் என்ன ஆகும்? இவளுக்கு என்ன நோய் என்று லைன் முழுக்கக் கேள்வி வரும். கல்யாணமான பெண் என்றால் உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள். அது தெரிந்தால் உள்ளே வந்து யார் என்னிடம் உண்மை பேசுவார்கள்? பொய் சொல்லி டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் கேட்ட கேள்விக்கே பொருள் இருக்காது.

"சார், இன்னொண்ணு வேணும். பை. எல்லாருக்கும் ஒரே மாதிரி துணிப்பை, வாய் கட்டினது. மருந்து ஆகாதவங்க பையில வறுத்த வேர்க்கடலை பாக்கெட் இருக்கும், கனத்துல வித்தியாசம் தெரியாத அளவுக்கு. உள்ள போறவங்க எல்லாரும் பையோடதான் வெளிய வரணும். யார் கையில என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியக் கூடாது. உங்களுக்கும்தான் சார்."

கடைசிச் சொல் அவரைக் கொஞ்சம் சுட்டது. என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்துவிட்டு, படப்பைக்கு ஆள் அனுப்பினார். பையும் வேர்க்கடலையும் வந்து இறங்கும்போது தலைமை அலுவலகத்துக்காரர்கள் கேன்டீனில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பங்ஷன் ஏன் தொடங்கவில்லை என்று அவர்கள் கேட்க, மேலாளர் எழுந்து நின்று, "எங்க சிஸ்டர் சொல்ற முறையில்தான் இதைக் கொடுக்கணும். காத்திருக்கத்தான் வேணும்" என்றாராம். அவர் வாயால் வந்த அந்தச் சொல்லை இசக்கிதான் பிறகு என்னிடம் வந்து சொன்னாள்.

நான் போனில் கேட்டுக்கொண்டபடி சித்த மருத்துவர் தன் வேலை முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து நேரே வந்துவிட்டார். அறைக்கு இரண்டு வாசல். ஒன்றில் உள்ளே வந்து மற்றொன்றில் வெளியே போகலாம். நடுவே திரை. கூட்டம் வரிசையாக வந்தது. கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான், குரலும் ஒன்றுதான். அதில் நான் கவனமாக இருந்தேன். ஒருத்தியிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினால் அதுவே பதிலாகிவிடும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுவதை வீட்டில்கூடச் சொல்லாத பெண்கள் வந்தார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு ஷிப்டுக்கு வருகிறவள் வந்தாள். சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாமா என்று கேட்டவரை டாக்டர் அதட்டியே அனுப்பினார். மருந்து பொருந்தியவர்கள் அளவும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் கேட்டுக்கொண்டு போனார்கள். அரிப்போ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தோம்.

செல்வி வந்தது சாயங்காலம். படப்பைக்காரி, லைன் லீடர், வாய் ஓயாதவள். கல்யாணமாகி வெகு வருஷம். இரண்டு முறை தங்கிக் கலைந்தது எனக்குத் தெரியும். கர்ப்பக் கேள்வியைக் கேட்டதும் அந்த வாய் அடங்கிவிட்டது.

"சிஸ்டர்... இங்க சொன்னா வெளிய போவாதே?"

"போகாது."

"நாள் தள்ளிக்கீது. வூட்டுக்காரருக்கே நேத்துதான் சொன்னேன். மாமியாருக்குக்கூடத் தெரியாது. போன வாட்டி எல்லாருக்கும் சொல்லிட்டு, அப்புறம் ஒவ்வொருத்தருக்கா இல்லேன்னு சொல்லிகினு வந்தேன் பாருங்க, அது இன்னொரு தபா என்னால ஆவாது." பிறகு, "நைட்டுல தூக்கம் வரல, பயமாவே கீது. இந்த மாத்திர நல்லதுன்னாங்களே, வாங்கினு போயி இன்னிக்கே போடலாம்னுதான் வந்தேன்" என்றாள்.

சித்த மருத்துவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இது உனக்கு இப்போது வேண்டாம், தூக்கத்துக்கு வேறு வழி இருக்கிறது, முதலில் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். போக வேண்டிய இடத்தை நான் சொன்னேன். செல்வி கண்ணைத் துடைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். வேர்க்கடலைப் பையை அவள் கையில் கொடுத்தேன். பின்வாசலைத் தாண்டியதுமே வெளியே அவள் குரல் பழையபடி ஓங்கிக் கேட்டது: "தள்ளு, தள்ளு, எனக்கும் குட்த்துட்டாங்க!"

டாக்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போனது. டப்பாக்களில் ஒரு பகுதி மிஞ்சியது. அதை மேலாளர் திருப்பி அனுப்பினார். தனசேகர் சளி தீர்ந்து, தன் டப்பாவையும் என்னிடமே கொடுத்துவிட்டு, டாக்டர் ஒப்புதலோடு வண்டியில் ஏறினார். சூப்பர்வைசரிடம் செல்விக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். மருத்துவ அறை சொல்கிறது என்றேன். முன்பெல்லாம் அந்தப் பதிலுக்கு அங்கே இவ்வளவு மதிப்பு இருந்ததில்லை. நாற்காலி அன்றே வந்தது.

மாதங்கள் போயின. ஒருநாள் மதிய உணவு நேரத்தில் கேன்டீனில் செல்வி எழுந்து நின்று, தட்டில் கரண்டியால் தட்டினாள். துப்பட்டாவை முன்பக்கம் தாராளமாக இழுத்துவிட்டு இத்தனை நாள் சமாளித்திருந்தவள், அன்று அதை ஒதுக்கிவிட்டு நின்றாள்.

"எல்லாரும் கேளுங்கப்பா. நான் முழுகாம கீறேன். டாக்டர் எல்லாம் நல்லா கீதுன்னு சொல்லிட்டாங்க. இப்ப நானா சொல்றேன்!"

கேன்டீன் கூரை பறந்துவிடும் போல இருந்தது. இசக்கி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேலாளர் என் பக்கம் சாய்ந்து, மெல்லக் கேட்டார்: "சிஸ்டர், இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"இல்லையே சார்" என்றேன், மோரை ஊற்றிக்கொண்டே. "இப்பதான் கேக்கறேன்."